எங்கள் வீட்டில் வேலையில்லாதவர் யாருமில்லை

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்தியாவில் வேலையின்மை: ஆண்களும் பெண்களும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஆய்வு மாணவி என்பதால் அட்டவணைகளோடு வருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அட்டவணைகளைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி எங்களுடையது. அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய நான்கு வயதுப் பெண், விடுமுறைக்கு வந்து போகும் நான். 2023இல் ஒரு மத்தியானம் ஒன்றிய அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக ஒருவர் வந்தார். நான் அன்று வீட்டில் இருந்தேன். இந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் நான் முனைவர் பட்ட ஆய்வே செய்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன்.

வந்தவர் நல்ல மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பொறுமையாகக் கேட்டார். பதில் சொன்னது முழுக்க அம்மா. அண்ணனைப் பற்றிக் கேட்டபோது, "லோடு ஆட்டோ ஓட்டுறான் சார்" என்றார். அண்ணன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ஆட்டோவுக்கு மாதத்தில் பாதி நாள் சவாரி இருக்காது. ஆனால் ஓட்டுகிறான், ஆகவே சுயதொழில். அம்மா தன்னைப் பற்றி, "நான் என்னா, சும்மாதான் இருக்கறேன்" என்றார். அவர் விடவில்லை. "மாடு நிக்குதே, பால் ஊத்துறீங்களாம்மா?" என்று கேட்டார். குழுக்கடனில் வாங்கிய மாடு. "ரெண்டு லிட்டர் ஊத்துவேன்." சரி, அம்மாவும் சுயதொழில். நான் படிக்கிறேன், மாணவி. கடைசியாக அண்ணி.

"அது வூட்டுலதாம்பா இருக்குது. கொழந்த இருக்குதில்ல."

வந்தவர் குறித்துக்கொண்டார். அண்ணி உள்ளே அடுப்படியில் இருந்தார். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர். தேறியும் பணி நியமனம் வரவில்லை. குழந்தை பிறப்பதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் மாதம் ஏழாயிரம் ரூபாய்க்குப் பாடம் எடுத்தவர். அவர் பெயருக்கு எதிரே என்ன எண் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 92. "வீட்டு வேலைகளில் மட்டும் ஈடுபட்டிருப்பவர்" என்பதற்கான குறியீடு அது. வேலை தேடுபவர், அல்லது கிடைத்தால் செல்லத் தயாராக இருப்பவர் என்பதற்கான குறியீடு 81. அந்த 81 விழுந்தால்தான் வேலையற்றவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி படிக்கிறாள். ஒருவர் வீட்டில் இருக்கிறார். வேலையில்லாதவர் ஒருவரும் இல்லை. இந்திய அரசின் கணக்குப்படி எங்கள் வீட்டில் வேலையின்மை விகிதம் சுழியம்.

அந்த நபர் தவறாக எதுவும் எழுதவில்லை. விதிப்படிதான் எழுதினார். நான் இன்று பேச வந்தது அந்த விதியைப் பற்றியும், அதற்குப் பின்னால் ஐம்பது வருடமாக நடந்திருப்பதைப் பற்றியும்தான்.

வேலையின்மை விகிதம் என்றால் என்ன? நாட்டில் நூறு பேர் இருந்தால் அதில் எத்தனை பேருக்கு வேலையில்லை என்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியல்ல. முதலில் வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் கூட்டி "உழைப்புப் படை" என்று ஒரு வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் வேலை கிடைக்காதவர்கள் எத்தனை சதவீதம் என்பதே வேலையின்மை விகிதம். வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தேடித் தேடிச் சலித்துப்போய் ஒரு பெண் தேடுவதை நிறுத்திவிட்டால், அன்றே நாட்டின் வேலையின்மை ஒரு துளி குறைந்துவிடும்.

1970இல் பொருளாதார அறிஞர் தந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. இந்தியா போன்ற நாட்டில் ஒரே ஒரு எண்ணால் வேலையின்மையை அளக்க முடியாது, ஒரு வருடம், ஒரு வாரம், ஒரு நாள் என்று வெவ்வேறு கால அளவுகளில் பார்க்க வேண்டும் என்றது. அதை ஒட்டி 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு சுமார் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. அந்த வரிசையில் கடைசி 2011-12. பிறகு 2017-18 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள்.

நாளிதழ்களில் வரும் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் "வழக்கமான நிலை" என்ற அளவுகோல். கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். அதோடு, வருடத்தில் 30 நாள் ஏதாவது பொருளாதார வேலை செய்திருந்தாலும் அவரை வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்வார்கள். வார அளவுகோலில் ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும். 2023-24இல் வழக்கமான நிலையில் வேலையின்மை 3.2 சதவீதம். அதே ஆண்டு, அதே கணக்கெடுப்பு, வார அளவுகோலில் 4.9 சதவீதம். அடுத்த முறை தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒரு எண்ணைத் தூக்கிப் போட்டால், எந்த அளவுகோல் என்று முதலில் கேளுங்கள்.

இப்போது நீண்டகாலப் போக்குக்கு வருவோம்.

வழக்கமான நிலையில் நாட்டின் வேலையின்மை 2004-05இல் 2.3 சதவீதம். 2009-10இல் 2.0. 2011-12இல் 2.2. பத்தாண்டுகளாக இரண்டைச் சுற்றியே நின்ற எண் 2017-18இல் 6.1 ஆனது. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு என்று அப்போது செய்தி வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்த அறிக்கை வெளியிடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டதை ஒட்டி 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி இருவரும் பதவி விலகினார்கள். மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு மே 31 அன்றுதான் அறிக்கை வெளியானது. மாதிரி எடுக்கும் முறை மாறியிருப்பதால் பழைய எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது என்றது அரசு. முறை மாறியது உண்மைதான். ஆனால் ஓர் எண்ணைத் தேர்தல் முடியும்வரை ஒளித்து வைத்தார்கள் என்றால், அந்த எண்ணுக்கு அவர்களே அஞ்சினார்கள் என்றுதானே அர்த்தம்?

அதன்பிறகு விகிதம் ஆண்டுக்காண்டு இறங்கியது. 5.8, 4.8, 4.2, 4.1, 3.2, மறுபடியும் 3.2. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2023-24இல் ஆண்களுக்கும் 3.2, பெண்களுக்கும் 3.2. பாலினச் சமத்துவம் வந்துவிட்டது போலத் தெரிகிறது, இல்லையா?

அந்தச் சமத்துவத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். 15 வயதுக்கு மேற்பட்ட 100 பெண்களை வரிசையில் நிறுத்துங்கள். 2023-24 கணக்குப்படி அதில் 58 பேர் உழைப்புப் படைக்கு வெளியே. மீதி 42 பேரில் சுமார் 40 பேர் வேலையில். வேலையற்றோர் ஒன்றரைப் பேர்கூட இல்லை. அந்த எண்ணிக்கையை 42ஆல் வகுத்தால் வருவதுதான் 3.2. இப்போது 100 ஆண்களை நிறுத்துங்கள். வெளியே இருப்பவர்கள் 21 பேர்தான். விகிதம் சமம். வட்டத்துக்கு வெளியே நிற்கும் கூட்டம் சமமில்லை.

வேலையில் இருக்கும் அந்த 40 பெண்களையும் பாருங்கள். மாதச் சம்பளம் வாங்குபவர்கள் சுமார் 6 பேர். கூலி வேலைக்குப் போகிறவர்கள் சுமார் 7 பேர். மீதி 27 பேர் "சுயதொழில்". அந்த 27 பேரிலும் 15 பேர் தங்கள் குடும்ப நிலத்திலோ கடையிலோ மாட்டுக் கொட்டகையிலோ சம்பளமே இல்லாமல் வேலை செய்பவர்கள். வேலை உண்டு, கூலி கிடையாது. என் அம்மா குறைந்தபட்சம் பால் காசையாவது தன் கையில் வாங்குகிறார். அதுகூட இல்லாதவர்கள் இந்தப் 15 பேர்.

பெண்களின் உழைப்புப் பங்கேற்பு ஏறி இறங்கிய கதை விசித்திரமானது. 2004-05இல் இருந்து 2011-12க்குள் சுமார் 2 கோடிப் பெண்கள் உழைப்புப் படையிலிருந்து வெளியேறினார்கள். பெரும்பாலானோர் கிராமத்துப் பெண்கள். பொருளாதாரம் வேகமாக வளர்ந்த காலம் அது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தது. வயலில் இருந்து பெண்கள் வெளியேறினார்கள், ஆனால் அவர்கள் போய்ச் சேர ஊர்ப்பக்கம் வேறு வேலை உருவாகவில்லை. 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புப் படையில் இருந்தவர்கள் வெறும் 23.3 சதவீதம்.

பிறகு ஏற்றம். 2023-24இல் 41.7 சதவீதம். ஆறே வருடத்தில் பதினெட்டுப் புள்ளிகள். இதைத்தான் ஒன்றிய அரசு சாதனையாகச் சொல்கிறது. எரிவாயு வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, குழுக்கடன் வந்தது, பெண்கள் வேலைக்கு வந்தார்கள் என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். முன்பு கணக்கில் விடுபட்ட பெண்களை இப்போது கவனமாகக் கேட்டு எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் மாட்டைப் பார்த்துக் கேட்டார் அல்லவா, அதுபோல. ஆனால் வந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். வேலை செய்யும் பெண்களில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 2017-18இல் 21 சதவீதம். 2023-24இல் அது 15.9 ஆகக் குறைந்துவிட்டது. சுயதொழில் 51.9இல் இருந்து 67.4 ஆக ஏறியது. வேலை செய்யும் கிராமத்துப் பெண்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 73.2இல் இருந்து 76.9 ஆகியிருக்கிறார்கள். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போக வேண்டியவர்கள் வயலுக்கும் கொட்டகைக்கும் திரும்பியிருக்கிறார்கள். கொரோனாவில் ஆண்களின் கூலி நின்றபோது ஒவ்வொரு வீடும் கிடைத்ததைச் செய்து பிழைத்தது. அந்தப் பிழைப்புதான் புள்ளிவிவரத்தில் வேலைவாய்ப்பு என்று பதிவாகியிருக்கிறது.

நகரத்துப் பெண்கள் விஷயத்தில் ஐம்பதாண்டுப் போக்கு எளிமையானது. வேலை கேட்டு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு, வரிசையில் நிற்கும் ஆண்களைவிடப் பெரும்பாலும் குறைவாகவே கிடைத்திருக்கிறது. 1993-94இல் நகர்ப்புற ஆண்களின் வேலையின்மை 4.1, பெண்களுக்கு 6.1. 2011-12இல் 3.0, 5.2. 2017-18இல் 7.1, 10.8. 2023-24இல் 4.4, 7.1. ஆட்சிகள் மாறின. தாராளமயம் வந்தது. கணினி வந்தது. இந்த இடைவெளி மட்டும் மூடவே இல்லை. பெண்கள் வேலைக்கு வர விரும்புவதில்லை, அது நம் பண்பாடு என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள். விரும்பி வந்து கேட்டவர்களுக்கே கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே பதிவாகியிருப்பது.

இனி ஆண்களின் பக்கம் வருகிறேன். ஏனென்றால் இந்த அறையில் பாதிப்பேர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிகள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு விஷயத்தைச் சொல்கிறது. 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டம் பெற்ற இளைஞர்களிடையே 29.1 சதவீதம். படிக்கப் படிக்க வேலையின்மை ஏறுகிறது. இதை வைத்துக்கொண்டு "எல்லாரும் எதுக்குப் படிக்கணும், கைத்தொழில் கத்துக்கலாமே" என்று சிலர் அறிவுரை சொல்லக் கிளம்பிவிடுவார்கள். குலத்தொழிலின் பழைய குரல் அது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

உண்மைக் காரணம் வேறு. வேலையில்லாமல் இருப்பதற்குக் காசு வேண்டும். மூன்று வருடம் அறை எடுத்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, தேர்வு எழுதிக்கொண்டே காத்திருக்க ஒரு வீடு பின்னால் நிற்க வேண்டும். நிலமில்லாத, படிப்பில்லாத கூலித் தொழிலாளி ஒரு நாள்கூட வேலையற்றவராக இருக்க முடியாது. ஆகவே அவர் எப்போதும் "வேலையில்" இருக்கிறார். சமூகப் பிரிவுவாரியாகப் பார்த்தால் பழங்குடியினரின் வேலையின்மை விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர்கள் வளமாக இருக்கிறார்கள் என்றா அதற்குப் பொருள்? காத்திருக்கும் வசதி அவர்களுக்குக் கிடையாது என்று பொருள். நாட்டின் விகிதம் பல பத்தாண்டுகள் 2 சதவீதத்தில் நின்றதன் ரகசியமும் இதுதான். ஏழை நாட்டில் வேலையின்மை குறைவாகத் தெரியும், வறுமைதான் அதிகமாகத் தெரியும்.

2017-18இல் விகிதம் துள்ளியதற்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள், நம் வீடுகளில் இருந்து போனவர்கள், பெரும் எண்ணிக்கையில் வரிசையில் வந்து நின்றார்கள். அப்பன் செய்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று நின்றார்கள். வேலை வரவில்லை. அந்த விகிதத்தில் தோல்வி மட்டுமல்ல, ஒரு மறுப்பும் இருக்கிறது. பிறப்பால் ஒதுக்கப்பட்ட வேலைக்குத் திரும்ப மறுப்பது. என் அண்ணன் இரண்டு வருடம் அப்படி நின்றான். பிறகு அப்பா போய்விட்டார். ஆட்டோ வாங்கினான். வேலையின்மை குறைந்தது.

வரிசையின் நீளத்தைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்கு. ஏன் இந்தத் தவிப்பு? அரசு வேலையில் மட்டும்தான் உன் பெயரையும் தெருவையும் தாண்டி மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் பேசும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும்.

தனியாரில் என்ன நடக்கிறது? சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்காணல் வரை போகவே இல்லை தோழர்களே, பெயரிலேயே முடிந்துவிட்டது. என் அண்ணியிடம் ஒரு பள்ளியில் கணக்குக் கேள்வி கேட்பதற்கு முன் கேட்டது, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இது இருக்கிறது. சாதி ஒருவரைப் பிறந்த தொழிலோடு கட்டிப்போடுகிறது, அந்தத் தொழில் நலிந்தாலும் வேறொன்றுக்கு மாற விடுவதில்லை, ஆகவே இந்நாட்டு வேலையின்மையின் பெரும்பகுதிக்குச் சாதியே நேரடிக் காரணம் என்று அவர் வாதிட்டார். பொருளாதாரம் படித்தவர் அவர். ஆனால் என் பட்டப்படிப்பில் வேலையின்மை பற்றி நடந்த வகுப்புகளில் கெயின்ஸ் வந்தார், பிலிப்ஸ் வளைகோடு வந்தது. சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

பெண்களின் உழைப்பையும் சாதியை விட்டுவிட்டு விளக்க முடியாது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே, சாதி நீடிப்பது பெண்களைக் கட்டுப்படுத்துவதன் வழியாக என்று அம்பேத்கர் காட்டிவிட்டார். பெண்ணைக் கட்டுப்படுத்தும் சமூகத்தில் பெண்ணின் வேலையும் சாதி மானத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நம் பெண்கள் எப்போதும் வயலில் இருந்தார்கள், சித்தாள் வேலையில் இருந்தார்கள், அடுத்தவர் வீட்டுப் பாத்திரங்களிலும் குப்பையிலும் இருந்தார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த விடுதலை என்று யாரும் சொல்லவில்லை, இழிவு என்றுதான் சொன்னார்கள். கொஞ்சம் காசு வந்ததும் "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல" என்று சொல்வது மேலே ஏறியதன் அடையாளமாகிவிட்டது. இதில் நாமும் விதிவிலக்கு இல்லை. "வூட்டுலதான் இருக்குது" என்று அம்மா சொன்னபோது அந்தக் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்தவர் அவர். மருமகள் அப்படிக் குனிய வேண்டியதில்லை என்ற பெருமை. அந்தப் பெருமையை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அதே வாக்கியம்தான் எம்.எஸ்சி. படித்த ஒரு பெண்ணை உழைப்புப் படையில் இருந்து அழித்தது.

"வீட்டில் சும்மா" என்பதன் நீளம் எவ்வளவு தெரியுமா? 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதிலும் அந்த 88 நிமிடம், வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரி. செய்யவே செய்யாதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரமாட்டார்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான இந்த உழைப்பைக் கழித்துவிட்டு, மீதி நேரத்தில் எட்டு மணி நேர வேலைக்கு, இரண்டு பேருந்து மாறிப் போ என்கிறோம். போகாவிட்டால் "விருப்பமில்லை" என்று எழுதுகிறோம்.

இதெல்லாம் மாற்ற முடியாத விதி இல்லை என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை மட்டும் கேட்கவில்லை. எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைக் கேட்டது, ஆசிரியர் வேலையில் பெண்களை அதிகமாக நியமிக்கச் சொன்னது. அறுபது வருடம் கழித்து 1989இல் தமிழ்நாட்டு அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2021இல் அது 40 சதவீதமாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இன்று இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய கூலியும் விடுதி வாழ்க்கையும் எப்படி இருக்கின்றன என்பது தனிப் பேச்சு. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பஞ்சாலைகளில் நம் பெண்களுக்கு நடந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தால் பெண்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், நூறு நாள் வேலையில், நாடு முழுக்கப் பாதிக்கும் மேல் பெண்கள்தான் வந்தார்கள். வீட்டருகில் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அந்த இரண்டும் இருந்தால் "பண்பாடு" தானாக வழிவிடுகிறது.

ஆகவே நாம் என்ன கேட்க வேண்டும்?

வேலையின்மை விகிதம் ஏறியதா இறங்கியதா என்ற ஒற்றைச் சண்டையில் நாம் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆளும் கட்சிக்காரர் 3.2 என்பார், எதிர்க்கட்சிக்காரர் 6.1 என்பார். நாம் வேறு கேள்விகளைக் கேட்போம். வேலையில் இருப்பவர்களில் கையில் கூலி வாங்குபவர்கள் எத்தனை பேர்? சம்பளமில்லாத குடும்ப உழைப்பைத் தனியாகக் காட்டுங்கள். எந்தச் சாதியினர் எந்த வேலையில் இருக்கிறார்கள்? பட்டியல் சாதி என்று மொத்தமாகக் கட்டாமல், ஆண் பெண் பிரித்து, தொழில் பிரித்துக் காட்டுங்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. எண்ணி முடித்ததும் அதை வேலையோடு இணைத்து வெளியிட வேண்டும் என்று இப்போதிருந்தே கேட்க வேண்டும். காலியாகக் கிடக்கும் அரசுப் பணியிடங்களை நிரப்பச் சொல்ல வேண்டும். வேலை தனியாருக்குப் போனால் இடஒதுக்கீடும் அங்கே போக வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் முழுநேரக் காப்பகம் வேண்டும்.

இதெல்லாம் அரசிடம் கேட்க வேண்டியவை. உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அன்று கணக்கெடுக்க வந்தவர் போன பிறகு நான் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். "அண்ணி, உங்களை வீட்டு வேலைன்னு எழுதிட்டுப் போறார்." அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னக் கேட்டாங்களா? கேட்டிருந்தா தேடுறேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, அரிசிப் பானைக்கு மேல் அலமாரியில் இருந்த ஒரு பழைய கணக்கு வழிகாட்டியைக் காட்டினார். குழந்தை தூங்கிய பிறகு தினமும் ஒரு மணி நேரம் படிக்கிறாராம். எனக்கே தெரியாது. புள்ளிவிவரத்தோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்துகிறவள் நான். என் வீட்டுக்குள் வேலை தேடும் ஒருவர் இருப்பது எனக்குத் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பதிலைக் கேட்டும், "அவங்களையே கேளுங்க சார்" என்று நான் வாய் திறக்கவில்லை. ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கணக்கெடுப்பாளர் எல்லார் வீட்டுக்கும் வரப்போவதில்லை. ஆனால் இந்தக் கேள்வி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இன்று ஊருக்குப் போனதும் அக்காவிடமோ அண்ணியிடமோ மனைவியிடமோ கேளுங்கள். "வேலைக்குப் போகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் ஆம் என்றால், அந்த 289 நிமிடத்தில் உங்கள் பங்கு எத்தனை நிமிடம் என்று அடுத்து நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணி இந்த வருடமும் தேர்வு எழுதுகிறார். காலையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிப் பால்வாடிக்கு அனுப்புவது இப்போது அண்ணன். எங்கள் வீட்டில் வேலையில்லாதவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை யாராவது வந்து கேட்டால் அதை அவரே சொல்வார்.